பின்காலனியம் பேசுகிறோம், சரி. குமரி மாவட்டத்தில் காலனியவாதி யார்?

#1 நெய்யூர்ப் பொண்ணு

வணக்கம். ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். தலைப்பு பின்காலனியக் கோட்பாடும் (காலனி ஆட்சி விட்டுச்சென்ற சிந்தனையை அலசுவது) மதமும். களமாக நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள் என்று நெறியாளர் சொல்லிவிட்டார். அங்கேதான் இடிக்கிறது.

எட்வர்ட் சயீத் 1978-இல் எழுதியதை வாசித்தால் ஆட்கள் இரண்டே கட்சி. ஆள வந்த ஐரோப்பா ஒரு பக்கம், அது தன் வசதிக்கு வரைந்து வைத்துக்கொண்ட கீழைத்தேயம் மறுபக்கம். மிஷனரி எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம். ஆனால் எங்கள் ஊரில் சாய்ப்பு (வெள்ளைக்கார மிஷனரி) என்றால் 1838-இல் லண்டன் மிஷன் ஆரம்பித்த ஆஸ்பத்திரி. என் அம்மா குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பெண் எழுத்துக்கூட்டியது மிஷன் பள்ளியில். அதே பெண் மாராப்புப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனால் கிழித்தெறிந்தது திருவிதாங்கூர் ராஜ்யத்து மேல்சாதி. இதை நன்றியோடு எழுதினால் செமினாரில் 'காலனியத்துக்கு வால் பிடிக்கிறாய்' என்கிறார்கள். கோட்பாட்டுக்கு ஏற்றபடி சாய்ப்பைத் திட்டி எழுதினால் வீட்டில் அம்மாச்சி சோறு போடமாட்டாள்.

இந்தச் சட்டகம் நமக்குப் பொருந்துமா? பொருந்தாது என்றால் சரியாக எந்த இடத்தில்?

#2 கட்டுடைப்பான்

தங்கச்சி, கேள்வியே நவீனத்துவக் கேள்வி. 'யார் குற்றவாளி' என்று ஒருத்தனைத் தேடுகிறாய்.

பெருங்கதையாடல்கள்மீது, அதாவது எல்லாவற்றையும் விளக்கிவிடுவதாகச் சொல்லும் பெரிய கதைகள்மீது, நம்பிக்கை போய்விட்டது, அதுதான் பின்நவீன நிலை என்று பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் 1979-லேயே சொல்லிவிட்டார். மீட்பு கிறிஸ்தவத்தின் பெருங்கதை. நாகரிகமாக்குகிறேன் என்பது வெள்ளைக்காரனின் பெருங்கதை. தேச விடுதலை நம்முடையது. மூன்றில் எது உத்தமம் என்று ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? மூன்றையும் கட்டுடை. நடுவில் சிந்துகிற சின்னக் கதைகளை, உன் அம்மாச்சி சொல்வதை, எழுது. கட்டுடைப்பைத் தொடங்கிவைத்த தெரிதாவே அல்ஜீரியாவில் பிறந்த யூதர். 1940-இல் ஜெர்மனிக்குப் பணிந்த பிரான்சின் விஷி அரசு அங்குள்ள யூதர்களின் பிரெஞ்சுக் குடியுரிமையைப் பிடுங்கியபோது அவருக்குப் பத்து வயது. பிரெஞ்சா, அல்ஜீரியனா, யூதனா? ஒற்றைப் பதில் கிடையாது. அந்த இடத்தில் நின்றவனுக்குத்தான் எல்லா அடையாளமும் ஆட்டம் காண்பது தெரியும்.

நிறப்பிரிகை பத்திரிகை வந்த தொண்ணூறுகளில் இதையெல்லாம் நாகர்கோவில் டீக்கடைகளில் விடிய விடியப் பேசித் தீர்த்தாகிவிட்டது.

#3 வடசேரி கனகமூலம்

பேசித் தீர்த்தீங்க, சந்தோஷம். அந்த ராத்திரிகளில் ஒருநாளாவது தலக்குளத்து வேலுத்தம்பி பேச்சு வந்ததா?

திருவிதாங்கூரின் தளவாய் (தலைமை அமைச்சர்) வேலுத்தம்பி 1809 ஜனவரியில் குண்டறையில் விட்ட விளம்பரம் (பிரகடனம்) கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிரான ஆரம்பகால அறைகூவல்களில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் அதோடு நிறுத்திவிடுவார்கள். முழுசாக வாசித்தால் அடுத்த பக்கம் தெரியும். வெள்ளைக்காரனை விட்டுவைத்தால் என்னென்ன நடக்கும் என்று அதில் பட்டியல் போடுகிறார்: கோயில்களில் சிலுவையும் கொடியும் ஏறும், சாதி பேதம் பார்க்காமல் பிராமணப் பெண்களைக் கொள்வார்கள், கலியுகத்து அக்கிரமம் அத்தனையும் வரும். நாட்டைக் காப்பாற்று என்ற குரலும் சாதி ஒழுங்கைக் காப்பாற்று என்ற குரலும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வருகிறது. அந்த மனிதர் தோற்றபோது பிடிகொடுக்காமல் உயிரை விட்டார். துணிச்சலில் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்த விளம்பரத்தை ஒரு பனையேறி கேட்டிருந்தால் எந்தப் பக்கம் சேர்ந்திருப்பான்?

இன்னொன்று, பணக்கணக்கு. கோட்பாட்டுக்காரர்கள் இதைத் தொடுவதே இல்லை. 1805 உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் கம்பெனிக்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அரண்மனை நகையை விற்றா கட்டினார்கள்? தலைவரி, பனைக்கு வரி, கூலியில்லா ஊழியம். கை நீட்டி வாங்கியவன் ராஜாவின் ஆள். அதில் பெரிய பங்கு போய்ச் சேர்ந்த இடம் கம்பெனிக் கஜானா. 1811-இல் இன்னும் வேடிக்கை: கர்னல் மன்றோ ரெசிடெண்டாக (கம்பெனியின் பிரதிநிதியாக) இருந்துகொண்டே ராஜாவின் திவான் (தலைமை அமைச்சர்) வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். வாங்குகிறவனும் கொடுக்கிறவனும் ஒரே நாற்காலி.

பொண்ணே, உனக்கு எந்த இடத்தில் இடிக்கிறது என்றால் இங்கேதான். சட்டகம் நேரடியாக வெள்ளைக்காரன் ஆண்ட வங்காளத்தைப் பார்த்து அடித்தது. நமக்கு மேலே இரண்டு பேர். ஒருத்தன் இன்னொருத்தனுக்கு எதிரி மாதிரியும் தெரிவான், பங்காளியாகவும் இருப்பான்.

#4 கட்டுடைப்பான்

அண்ணாச்சி, கணக்கு அருமை. ஆனால் அதற்கும் பதில் இருக்கிறது. பின்காலனியக் கோட்பாட்டாளர் ஸ்பிவாக் 1988-இல் கேட்டாரே, அடித்தள மக்கள் பேச முடியுமா என்று. உடன்கட்டை ஏறுவதைத் தடுத்த கதையை அவர் ஒரே வரியில் சுருக்குவார்: வெள்ளை ஆண்கள் பழுப்புப் பெண்களைப் பழுப்பு ஆண்களிடமிருந்து காப்பாற்றுகிறார்கள். கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் அச்சு அசல் இதுதானே? மன்றோ குப்பாயம் (மேல்சட்டை) போட அனுமதி கொடுக்கிறார், மிஷனரிகள் மனு எழுதுகிறார்கள், கடைசியில் சென்னை கவர்னர் டிரெவெல்யான் ராஜாவை நெருக்குகிறார். இதில் பெண் எங்கே பேசினாள்?

#5 நெய்யூர்ப் பொண்ணு

அண்ணே, அச்சு அசல் இல்லை. எழுதி வைத்திருப்பது மிஷனரி, அதனால் மிஷனரி பேசுவது மட்டும் காதில் விழுகிறது.

மன்றோ காலத்து அனுமதி கிறிஸ்தவப் பெண்களுக்கு மட்டும், அதுவும் குப்பாயம் மட்டும். அந்த அளவோடு நின்றிருந்தால் கலகமே வந்திருக்காது. பெண்கள் குப்பாயத்துக்கு மேலே மேல்சாதிப் பெண்கள் போடுவதுபோல் தோள்சீலையும் போட்டார்கள். மதம் மாறாத பெண்களும் சேர்ந்து போட்டார்கள். இதைச் செய்யச் சொல்லி எந்தச் சாய்ப்பும் சொல்லவில்லை. சில சாய்ப்புகளுக்கே இது பிடிக்கவில்லை. 1829-இல் அரசு கூடாது என்று உத்தரவு போட்டது. அப்புறமும் முப்பது வருஷம் போட்டார்கள். சந்தைக்குப் போனால் கிழிபடும் என்று தெரிந்து போட்டுக்கொண்டு போனவளைப் பேசாதவள் என்று எப்படிச் சொல்வது?

1859 ஜூலையில் வந்த விளம்பரத்தையும் பாருங்கள். மேலே மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. அதாவது உடம்பை மறைப்பதற்கு ராஜா இறங்கி வந்தார், சமம் என்று காட்டுவதற்கு இறங்கவில்லை. டிரெவெல்யானும் அதோடு விட்டுவிட்டார். பழுப்பு ஆண், வெள்ளை ஆண் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட கோட்டை அந்தப் பெண்கள்தான் தாண்டினார்கள்.

வெள்ளைக்காரன் தானாக வந்து மதத்தைத் திணித்தான் என்பதும் மயிலாடியில் நிற்காது. மகாராசன் என்பவர் சிதம்பரத்துக்குத் தீர்த்தயாத்திரை போனவர், தஞ்சாவூரில் கிறிஸ்தவரானார், வேதமாணிக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டார், ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று அவரே போய்க் கேட்டார். லண்டன் மிஷன் போதகர் ரிங்கல்தௌபே 1806-இல் வந்தது அதற்குப் பிறகு.

எழுதும்போதே எனக்கு ஒன்று தோன்றுகிறது. நான் இன்னும் எல்லாவற்றையும் வெள்ளைக்காரன், ராஜா, எங்கள் சபை என்ற கோணத்திலேயே பார்க்கிறேனோ?

#6 தாமரைக்குளத்தான்

அய்யா உண்டு. நான் அய்யாவழிக்காரன்.

தங்கச்சி கடைசியில் கேட்டதுதான் சரியான கேள்வி. சபைக்குப் போகாத ஆட்கள் அதே காலத்தில் என்ன செய்தார்கள்?

1833-இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டர் எழுந்து வந்தார். சாமித்தோப்பில் தவம் இருந்தார். ஆண்கள் தலையில் துண்டு கட்டக்கூடாது என்று இருந்த நாட்டில் தலைப்பாகை கட்டி வா என்றார். இன்றைக்கும் பதிக்குள் (எங்கள் வழிபாட்டுத் தலத்துக்குள்) தலைப்பாகையோடுதான் நுழைகிறோம். முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியும் சேர்ந்து தண்ணீர் கோரியது. சுவாதித் திருநாள் காலத்தில் அய்யாவைத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். 1841-இல் எங்கள் ஊர் அரிகோபாலன் என்ற சீடர் எங்கள் புனித நூலான அகிலத்திரட்டை எழுதினார்.

அதில் கலிநீசன் உண்டு, அவன் திருவிதாங்கூர் ராஜா. வெண்நீசனும் உண்டு, அவன் வெள்ளைக்காரன். வடசேரி அண்ணாச்சி 8 லட்சம் கணக்குப் போட்டுக் காட்டியதை ஓலையில் எழுதி வைத்தாகிவிட்டது. ஒரு நீசனைக் காட்டி இன்னொரு நீசனிடம் அடைக்கலம் போ என்று அய்யா சொல்லவில்லை. இரண்டும் ஒரே கலி.

இன்னொரு வருத்தமும் சொல்லிவிடுகிறேன். மேடையில் அய்யாவைச் 'சமூக சீர்திருத்தவாதி' என்பார்கள், சாதி ஒழிப்புப் போராளி என்பார்கள். கைதட்டுவோம். ஆனால் எங்களுக்கு அவர் நாராயணர். கலியை அழிக்க வந்தவர். இதைச் சொன்னால் படித்தவர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்களுக்கென்று கட்டம் கிடையாது, இந்து என்று எழுதிக்கொண்டு போவார்கள். புத்தகத்தில் சீர்திருத்தம் என்ற கட்டம். இரண்டும் ஒரே வேலைதான் அண்ணே.

#7 வடசேரி கனகமூலம்

தம்பி சொன்ன கடைசி விஷயத்தை லேசாக விட்டுவிடக் கூடாது. வரலாற்றாசிரியர் தீபேஷ் சக்ரவர்த்தி இதே முட்டுச்சந்தில்தான் நின்றார், 2000-இல் வந்த அவருடைய நூலில். 1855-இல் சந்தால் பழங்குடிகள் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கிளம்பினார்கள். பிடிபட்ட தலைவர்கள் சொன்ன வாக்குமூலம்: போரிடச் சொன்னது தாக்கூர், அதாவது எங்கள் தெய்வம். ரணஜித் குஹா அடித்தள மக்களுக்காகவே வரலாறு எழுத வந்தவர். அவராலும் தெய்வம் சண்டை போட்டது என்று எழுத முடியவில்லை. 'அவர்கள் அப்படி நம்பினார்கள்' என்றுதான் எழுத முடிந்தது. அடித்தள மனிதனை வரலாற்றின் நாயகன் ஆக்குகிறேன் என்று போனவர், அந்த நாயகன் 'நான் இல்லை, சாமி' என்றதும் அவன் பேச்சை அவனிடமிருந்தே வாங்கி வேறு பெயர் போட வேண்டியதாகிவிட்டது.

நான் சாமி கும்பிடாதவன். ஆனாலும் இது நியாயமில்லை என்று படுகிறது. தலைப்பாகை கட்டினால் அடி விழும் என்று தெரிந்தவன் கட்டினான். எந்தத் தைரியத்தில்? 'மனித உரிமை' என்ற தைரியத்தில் இல்லை. நாராயணர் வந்துவிட்டார், கலிநீசன் சீட்டு கிழிந்துவிட்டது என்ற தைரியத்தில். அந்த நம்பிக்கையை உருவிவிட்டால் அந்தத் தைரியத்துக்குக் காரணமே இல்லாமல் போகும். பொண்ணே, ஆய்வேட்டில் இதை எப்படி எழுதுவாய் என்பதுதான் கஷ்டமான வேலை. சயீத் எல்லாம் அதற்கு முன்னால் சுலபம்.

#8 கட்டுடைப்பான்

நம்பிக்கை என்று போனால் எனக்குப் பதிகளில் உள்ள அந்தப் பள்ளியறைக் (கருவறை) கண்ணாடிதான் நினைவுக்கு வரும். விக்கிரகம் இல்லை, கண்ணாடி. கும்பிடப் போகிறவன் தன் முகத்தைப் பார்க்கிறான். குறிப்பான் (சுட்டும் அடையாளம்) இருக்கிறது, குறிப்பீடு (அது சுட்டும் பொருள்) இல்லை. மையம் காலியாக இருக்கிறது. பாரீஸில் அறுபதுகளில் யோசித்ததை இங்கே நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நட்டு வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பின்நவீனமான கருவறை உலகத்தில் உண்டா?

#9 தாமரைக்குளத்தான்

அண்ணே, கோபப்படாதீங்க. எங்க கண்ணாடி காலி இல்லை.

உங்கள் முகம் தெரியும், நெற்றியில் வைத்த திருநாமம் தெரியும், பக்கத்தில் விளக்கு எரிவது தெரியும். உனக்குள்ளே இருக்கிறான், பார் என்பதற்காக வைத்தது. தீண்டாதே, ஒதுங்கு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டவனை அதன் முன்னால் நிறுத்துகிறார்கள். அவனுக்கு 'அங்கே ஒன்றும் இல்லை' என்று சொன்னால் என்ன கிடைக்கும்? ஒன்றும் இல்லை என்று கேட்டுக் கேட்டுத்தானே வந்தான்.

மையம் காலி என்பது மையத்தில் இருந்து சலித்துப்போனவனுக்கு ருசியாக இருக்கும்.

#10 தக்கலைவாசி

இந்த இழையில் இதுதான் பதிவு. கட்டுடைப்பான் அண்ணன் இன்றைக்குத் தூங்கமாட்டார்.

எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சூஃபி ஞானி பீர்முகமது அப்பா அடங்கியிருக்கிறார். நெசவு செய்து பிழைத்தவர் என்பது வழக்கு. ரஜப் மாதத்தில் விடிய விடிய அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சி பாடுவோம், அத்தனையும் தமிழ். சித்தர் பாட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்நியமாக ஒன்றும் இருக்காது. கீழைத்தேயவாதம் எழுதியவர்கள் இஸ்லாம் என்றால் அரபுப் பாலைவனம் என்று வரைந்து வைத்தார்கள். இப்போது எங்களில் சில இளவட்டங்களும் அதே படத்தை வைத்துக்கொண்டு, தர்காவில் பாடுவது மார்க்கத்தில் இல்லை என்று வாதாடுகிறார்கள். வரைந்தவன் போனாலும் படம் போகவில்லை.

கலந்திருக்கிறது என்று காட்ட சிவாலய ஓட்டத்தைச் சொல்வார்கள்: பன்னிரண்டு சிவன் கோயில், கையில் பனையோலை விசிறி, வாயில் 'கோவிந்தா, கோபாலா'. முஞ்சிறையில் கிளம்பி நட்டாலத்தில் முடியும். அழகுதான். ஆனால் கலப்பு என்றாலே நல்லிணக்கம் என்று எழுதிவிடாதீங்க. சிதறால் மலையில் சமணர் சிற்பம் இருக்கிறது, பகவதியும் இருக்கிறாள். சமணர்கள் எங்கே?

#11 கடலோரக்காரன்

நட்டாலம் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். இவ்வளவு நேரம் வாசித்ததில் கடப்புறத்தை (கடலோர மீனவர் பக்கத்தை) ஒருத்தரும் நினைக்கவில்லை. வழக்கம்தான்.

சவேரியார் 1544-இல் எங்கள் கரையில் ஞானஸ்நானம் கொடுத்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேல் என்று அவரே கடிதம் எழுதியிருக்கிறார். நீங்கள் 'சுதேசி ராஜ்யம்' என்று சொல்கிற திருவிதாங்கூரை மார்த்தாண்டவர்மா கட்ட ஆரம்பித்தது 1729-இல். எனக்க பாட்டனுக்குப் பாட்டன் ஜெபமாலை உருட்ட ஆரம்பித்து 185 வருஷம் கழித்து வந்த அரசு சுதேசி. நான் அந்நிய மதத்துக்காரன். இதை எந்தக் கோட்பாட்டில் வைப்பீங்க?

நட்டாலத்து நீலகண்ட பிள்ளை கதை இன்னும் சிக்கல். குளச்சலில் 1741-இல் டச்சுக்காரன் தோற்றான். அகப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் ராஜாவுக்கே படைத்தலைவன் ஆனான், உதயகிரிக் கோட்டையில்தான் கல்லறை. அவன் சொன்ன யோபு கதையைக் கேட்டு, ராஜாவிடம் உத்தியோகம் பார்த்த நீலகண்ட பிள்ளை 1745-இல் தேவசகாயம் ஆனார். சொன்னவன் ஜெயித்த வெள்ளைக்காரன் இல்லை, தோற்று ராஜாவுக்குச் சம்பளத்துக்கு வேலை பார்த்த வெள்ளைக்காரன். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் புனிதர் பட்டம். அதற்கு முன்னால் ரோமாபுரி அவர் பெயரிலிருந்து 'பிள்ளை'யை எடுத்தது. சாதியை விட்டுவிட்டு எல்லாரோடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர் பெயரில் சாதி எதற்கு என்று இங்கிருந்தே கேட்டார்கள். ரோமாபுரி கேட்டது. நம்ம ஊர்ப் போஸ்டர்கள் சிலது இன்னும் கேட்கவில்லை.

#12 வடசேரி கனகமூலம்

185 வருஷக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதே சவேரியார் 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஞானஸ்நானம் கொடுத்ததும் சாமி குடிசைகளை இடிக்கச் சொன்னதாகவும், நேற்றுவரை கும்பிட்டவர்களே விக்கிரகத்தை உடைப்பதைப் பார்க்கும் சந்தோஷம் சொல்லில் அடங்காது என்றும் எழுதுகிறார். அதையும் சேர்த்து வைத்துத்தானே பேச வேண்டும்?

கட்டுடைப்பானுக்கும் ஒன்று. சின்னக் கதைகள் சின்னதாகவே இருக்கும் என்று நம்பாதீர். அறுபதுகளில் கன்னியாகுமரிப் பாறைக்கு மூன்று கதை இருந்தது: தேவியின் பாதம், விவேகானந்தர் தவம், சவேரியார் பாறை. சிலுவை நட்டார்கள், ராத்திரியில் காணாமல் போனது. 1970-இல் விவேகானந்தர் மண்டபம் திறந்தார்கள். 1982-இல் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் வந்தபோது ஒவ்வொரு கூட்டத்தின் கையிலும் இருந்தது அவரவர் சின்னக் கதைதான். ஆளுக்கொரு உண்மை என்று விட்டுவிட்டால் அப்புறம் எதை வைத்து 'நிறுத்து' என்று சொல்வது?

#13 மட்டுறுத்துநர்

82 பற்றிய பதிவுகளை இத்துடன் நிறுத்திக்கொள்ளவும். போன முறை இழையையே பூட்ட வேண்டிவந்தது.

#14 கடலோரக்காரன்

சரி, 82-ஐ விட்டுவிடுகிறேன். கடிதத்துக்குப் பதில் சொல்கிறேன் அண்ணாச்சி.

உடைத்தது உண்மை. அதை நான் மூடி மறைக்கமாட்டேன். ஆனால் அந்தக் கடிதத்தையும் முழுசாகப் பாருங்க, அது ஐரோப்பாவில் உள்ள சகோதரர்களுக்கு எழுதினது. சந்தோஷம் அவருக்கு. உடைத்தவனுக்கு என்ன இருந்தது என்று அதில் ஒரு வரி கிடையாது. மதுரைப் பக்கத்திலிருந்து வடுகர் (தெலுங்குப் படையினர்) வந்து எரித்துவிட்டுப் போகிற காலம். கடலில் போர்த்துகீசியன் துப்பாக்கி. எவனிடம் சேர்ந்தால் பிள்ளைகுட்டி பிழைக்கும் என்று பார்த்தான். பக்தியா, பயமா, கணக்கா? மூன்றும் இருந்திருக்கும். நீங்கள் முதலில் சொன்ன பனையேறிக்கு வேலுத்தம்பி, மன்றோ என்று இரண்டு பேர் என்றால், எங்களுக்கு அதற்கும் 250 வருஷம் முன்னாலேயே இரண்டு மூன்று பேர்.

அப்புறம் ஒன்று. பயத்தில் பிடித்ததாகவே இருக்கட்டும். ஓகிப் புயலில் 2017-இல் திரும்பாதவர்களுக்காகக் கோயில் முற்றத்தில் ராப்பகலாக உட்கார்ந்திருந்தார்களே, அந்த ஜெபமும் போர்த்துகீசியனுடையதா?

#15 நெய்யூர்ப் பொண்ணு

எல்லாருக்கும் நன்றி. ஆய்வேட்டின் அமைப்பையே மாற்றப் போகிறேன். மிஷனரி நல்லவரா கெட்டவரா என்ற அத்தியாயம் போகட்டும். குண்டறை விளம்பரம், 1859 விளம்பரம், அகிலத்திரட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் மேலே எத்தனை ஆண்டான்களைப் பார்க்கிறது என்று எழுதப் பார்க்கிறேன். முதல் இரண்டும் ஒருவரைத்தான் பார்க்கின்றன என்பது என் ஊகம். கடப்புறத்துக்குத் தனி அத்தியாயம். கடலோரக்காரன் அண்ணனைத் தொந்தரவு செய்வேன்.

தாமரைக்குளத்து அண்ணே, அகிலத்திரட்டை 1939-க்குப் பிறகு வந்த அச்சுப் புத்தகத்தில் தனியாக உட்கார்ந்து வாசிக்கிறேன், ராகம் பிடிபடவே இல்லை. கார்த்திகையில் பதினேழு நாள் நடக்கும் திருஏடு வாசிப்புக்கு (அகிலத்திரட்டை ராகத்தோடு வாசிக்கும் விழாவுக்கு) நான் வரலாமா? நான் வேதக்காரி.

#16 தாமரைக்குளத்தான்

இதென்ன கேள்வி? வாங்க. பெண்கள் பக்கம் முன்னாலேயே இடம் இருக்கும். நோட்டில் எழுதிக்கொள்ளுங்க, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வாசிப்பு முடிந்து அன்னம் கொடுப்பார்கள், அதை வாங்காமல் போனால்தான் சொல்வார்கள். பதினைந்தாம் நாள் திருக்கல்யாண இகனை (ஏட்டில் கல்யாணம் வருகிற பகுதி), அன்றைக்குக் கூட்டம் தாங்காது, காலையிலேயே வந்துவிடுங்க.

#17 கட்டுடைப்பான்

நானும் வரலாமா? கண்ணாடியைப் பற்றி இன்னும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

#18 தாமரைக்குளத்தான்

சட்டையைக் கழற்றி, தலையில் துண்டு கட்டினால் தாராளமாக வரலாம் அண்ணே. சமாதானத்தை அப்புறம் பார்ப்போம்.